நேற்று முடிந்தது இன்றும் முடிகிறதா? இதய நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

"இதயத்தில் பிரச்சினை இருக்கிறது" என்று மருத்துவர் சொன்ன பிறகு அவர் பேசியதில் பாதி நம் காதில் விழுவதில்லை. ஒரு ஃபைல், ஐந்தாறு மாத்திரை அட்டைகள், அடுத்து வரச் சொன்ன தேதி, இவ்வளவோடு வீட்டுக்கு வந்து சேர்கிறோம். கேள்விகள் அப்புறம்தான் வருகின்றன. இந்த வலி அந்த வலிதானா? மூச்சு வாங்குவது வயதாலா, நோயாலா? நடு ராத்திரியில் வந்தால் விடியும்வரை பொறுக்கலாமா?

அப்பாவுக்கு இதயம் பலவீனப்பட்டு, கூடவே சர்க்கரையும் பிரஷரும் இருந்த காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் மருத்துவர்களும் செவிலியர்களும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த ஒன்று மனதில் ஊறிவிட்டது. இன்றைய உடம்பை நேற்றைய உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே அது. நேற்று ஒரே மூச்சில் ஏறிய படிக்கட்டில் இன்று பாதியில் நின்றால் அதற்குக் காரணம் இருக்கும். பழகியவர் போலச் சமாளித்துக்கொண்டு போகாமல், அந்த மாற்றத்தை அன்றே கவனிப்பதுதான் இந்த நோயைக் கையாள்வதில் பெரும்பகுதி.

முதல் படி: எதற்குக் காத்திருக்கக் கூடாது

மாரடைப்பு என்றால் தாங்க முடியாத வலியில் சுருண்டு விழுவார்கள் என்று நினைக்கிறோம். பல பேருக்கு அப்படி வருவதில்லை. நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றியது போல, இறுக்கிப் பிழிவது போல இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரல் நுனியால் ஓர் இடத்தைக் காட்டாமல், முஷ்டியையோ உள்ளங்கையையோ மார்பின் மேல் வைத்துக் காட்டுவார்கள். இடது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு என்று அது பரவலாம். குப்பென்று வியர்க்கலாம், குமட்டலாம், மூச்சு முட்டலாம், காரணமில்லாத ஒரு பயம் பிடித்துக்கொள்ளலாம்.

நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், பல ஆண்டுகள் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் இது கூடுதலாக நடக்கிறது. சர்க்கரை நரம்புகளைக் கெடுத்திருந்தால் வலியே சரியாக எட்டாது. திடீர் மூச்சிரைப்பு, வழக்கத்துக்கு மாறான அசதி, செரிக்காதது போன்ற வயிற்று மந்தம், வாந்தி, இவை மட்டுமே இருக்கலாம். "வாயுப் பிடிப்பு, ஒரு மாத்திரை போட்டுப் படுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் போன உயிர்கள் நிறைய. இதய நோய் இருப்பவருக்குப் புதிதாக இப்படி வந்தால், வாயு என்ற முடிவை மருத்துவமனையில் எடுக்கட்டும், நாம் எடுக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை இவை. செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டு உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ ஸ்பிரேயோ மருத்துவர் தந்திருந்தால், உட்கார்ந்தபடியே பயன்படுத்துங்கள். நின்றுகொண்டு எடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழக்கூடும். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் உடனே ஆம்புலன்ஸ். அந்த மருந்தே தரப்படாதவர் இந்த 5 நிமிடமும் காத்திருக்கக் கூடாது. ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், தடாலாஃபில் எடுத்து 48 மணி நேரம் ஆகாதவர் இந்த நாக்கடி மருந்தைத் தொடவே கூடாது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது, ஆம்புலன்ஸில் வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். அவசர எண்ணில் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுங்கள்.

அவர் நினைவிழந்து, மூச்சும் சரியாக இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அழுத்திய பிறகு ஒவ்வொரு முறையும் நெஞ்சு பழைய நிலைக்கு எழும்ப விடுங்கள். இதை நேரில் ஒரு பயிற்சியாளரிடம் வீட்டில் ஒருவராவது கற்றுவைத்துக்கொண்டால் நல்லது.

மருத்துவமனையில் முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றதும் கிளம்பிவிடாதீர்கள். ஆரம்பத்தில் இ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் சில மணி நேரம் கழித்தே உயர்ந்து காட்டும். அதனால்தான் திரும்ப ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். ஆஞ்சியோ செய்து அடைப்பை உடனே திறக்கும் வசதி அருகில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை, உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதமும் இதே வீட்டுப் பிரச்சினைதான், பிரஷரும் இதயத் துடிப்புக் கோளாறும் அதற்கு வழி விடுகின்றன. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கைகளையும் தூக்கினால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். மூளையின் ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தை ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வந்து போகும் வலியின் பழக்கத்தை அறிவது

நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1772இல் வெளியிட்ட குறிப்பில் இந்த வலியை இப்படித்தான் விவரித்தார். இன்றும் அந்த விவரிப்பில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. இதயத் தசைக்கு வேலை கூடும்போது, குறுகிய ரத்தக் குழாய் வழியே அதற்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேராததே காரணம்.

இந்த வலி உள்ளவர் தன் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எத்தனை மாடி ஏறினால் வருகிறது, எத்தனை நிமிடத்தில் போகிறது, வாரத்துக்கு எத்தனை தடவை. அந்தக் கணக்கு மாதக் கணக்கில் மாறாமல் இருந்தால் நிலையாக இருக்கிறது என்று பொருள். முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வருகிறது, அடிக்கடி வருகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்தில் எழுப்பியோ வந்தால் அது அவசரம். இரண்டு மாடிக்கு வந்த வலி ஒரு மாடிக்கே வரத் தொடங்கியதும் பலர் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டு, "இப்போதெல்லாம் வலியே இல்லை" என்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள்தான் இதைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: எடை, தலையணை, கணுக்கால்

இதயச் செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டு இதயம் நின்றுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை என்பதே நிலை. விளைவாக உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வடிகால் அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்குவது போல, நுரையீரலிலும் கால்களிலும் வயிற்றிலும் நீர் கோக்கிறது. மூச்சு முட்டி மருத்துவமனையில் சேரும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே இந்த நீர் ஏறத் தொடங்கியிருக்கும். அதை வீட்டிலேயே பார்க்க ஓர் எடை மெஷின் போதும்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் நிற்க வேண்டும். மெஷின் கெட்டியான சமதரையில் இருக்கட்டும், விரிப்பின் மேல் வேண்டாம். எண்ணை அங்கேயே எழுதிவிடுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது கொழுப்பு இல்லை, நீர். 1 லிட்டர் நீர் 1 கிலோ. மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு கூடினால் நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்று சிலருக்கு மருத்துவரே எழுதிக் கொடுத்திருப்பார். அப்படி எழுதித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: எடை மளமளவென்று குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் நீர் அளவுக்கு மீறி வெளியேறியிருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

அப்பாவின் நோட்டில் எடைக்கு அடுத்த கட்டம் தலையணை. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதற்காக ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு நாற்காலியிலேயே தூங்கத் தொடங்குவார்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், "இப்படித்தான் வசதியாக இருக்கிறது" என்பார்கள். காலையில் கட்டிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். தூங்கிய இரண்டொரு மணி நேரத்தில் மூச்சு திணறி எழுந்து உட்காருவது, படுத்ததும் வரும் வறட்டு இருமல், குனிந்து செருப்பு மாட்டினாலே மூச்சு வாங்குவது, இவையெல்லாம் அதே வகை.

கால் வீக்கத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்புற எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். குழி விழுந்து, அது நிரம்ப நேரம் எடுத்தால் நீர்க்கோவை. அடுத்த நாள் சற்று மேலே அழுத்திப் பாருங்கள், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியும். படுக்கையிலேயே இருப்பவருக்குக் காலில் தெரியாமல் இடுப்பின் பின்புறத்தில் தேங்கும். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு, காலின் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகளாலும் கணுக்கால் வீங்கும். ஆகவே வீக்கத்தைக் கண்டு நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியது போல இருப்பதும், பசியே எடுக்காததும் இந்த நோயின் அறிகுறிகள்தான். வயிற்றிலும் குடலிலும் நீர் தேங்குவதால் வருவது. வயிற்றுக்கோளாறு என்று வேறு மருந்து தேடிப் போய்விடுவோம்.

நான்காம் படி: பிரஷரைச் சரியாக அளப்பது

தவறாக எடுத்த அளவு, அளவே எடுக்காததைவிடத் தொல்லை. காபி, புகை, உடற்பயிற்சி எதுவும் அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைத் துணியின் மேல் கட்டாமல் வெறும் கையில், மேற்கையில் கட்டுங்கள். கை மேஜையின் மேல், இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், எனவே கையின் சுற்றளவு பார்த்து வாங்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் இப்படி எடுத்தால் போதும். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பார்ப்பார்கள். வீட்டு அளவில் அந்தச் சராசரி 135/85ஐத் தாண்டினால் கூடுதல் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். உங்களுக்கான இலக்கை மருத்துவர் சொல்வார். நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தால் பதற்றமே பிரஷரை ஏற்றிவிடும். 180/120க்கு மேல் காட்டினால் அமைதியாக இருந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பம், கை கால் பலவீனம் ஏதாவது சேர்ந்திருந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாடியையும் பார்க்கப் பழகுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிடத் தாளம் முக்கியம். கன்னாபின்னாவென்று ஒழுங்கே இல்லாமல் துடித்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இதயத்தின் மேலறை இப்படித் தாளம் தப்பித் துடித்தால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. படபடப்போடு மயக்கமும் வந்தால் காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: சர்க்கரையும் சிறுநீரகமும் கூடவே வரும்போது

இதயம், சர்க்கரை, சிறுநீரகம் மூன்றையும் தனித்தனி மருத்துவர்கள் பார்த்தாலும் உடம்பு ஒன்றுதான். இதயத்துக்குத் தரும் மருந்து சிறுநீரகத்தைத் தொடும், சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும். ஆகவே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனைகளைக் கேட்ட தேதியில் எடுத்துவிடுங்கள்.

"எனக்கு சுகரே இல்லை, ஏன் சுகர் மாத்திரை எழுதியிருக்கிறார்?" என்று டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சர்க்கரைக்காக வந்த மருந்துகள்தான், ஆனால் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் உதவுகின்றன என்று தெரிந்து அவற்றுக்கும் தரப்படுகின்றன. மருந்துக்கடையில் யாரோ சொன்னார் என்று நிறுத்த வேண்டாம். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் என்று வந்தால் இதையும், நீர் மாத்திரையையும், சில பிரஷர் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. எதை, எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இதயத் துடிப்பை மெதுவாக்கும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. இன்சுலின் போடுபவர் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிற நிலையில் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சர்க்கரை சரியாக இருந்தும் அப்படி வியர்க்கிறது என்றால் இதயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மாத்திரைகள்

ஒரு தாளில் மாத்திரையின் பெயர், அளவு, எதற்காக என்று எழுதிக்கொள்ளுங்கள். "எதற்காக" என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள், காரணம் தெரியாத மாத்திரைதான் முதலில் நிறுத்தப்படுகிறது. ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த பிறகு தரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பல் பிடுங்க வேண்டும் என்று வேறொருவர் நிறுத்தச் சொன்னாலும் இவரைக் கேட்டுவிட்டுத்தான். நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். பீட்டா பிளாக்கரையும் திடீரென்று விடக் கூடாது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் சாதாரணமாக வாங்கும் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைப் படுத்தும். நன்றாக இருந்தவர் திடீரென்று மூச்சு முட்டி வந்தால் என்ன வலி மாத்திரை போட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பது அதனால்தான். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகள் பலவற்றில் சோடியம் அதிகம். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக "சோடியம் குறைந்த உப்பு" வாங்குமுன் கவனம்: அதில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து எடுப்பவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது ஆபத்தாகலாம்.

இன்னும் சில

நடையை விட்டுவிடாதீர்கள். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் சரியான வேகம், பேச்சு தடைப்பட்டால் குறைக்க வேண்டும். பயிற்சியோடு கூடிய இதய மறுவாழ்வுத் திட்டம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பிரஷரைக் கட்டுக்குள் வரவிடாது. ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மனச்சோர்வும் இந்த நோயோடு அடிக்கடி வருவது, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்ட மாதங்களில் அதை இதயத்தின் அசதி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் அதற்கென்று தனியாக உதவி கிடைத்தது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடையும் பிரஷரும் எழுதிய நோட்டு, மாத்திரைத் தாள், கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை மூன்றையும் எடுத்துப் போங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை" என்று சொல்லாமல், போன மாதம் செய்ய முடிந்து இப்போது முடியாத ஒரு வேலையைச் சொல்லுங்கள். வெளியே வருமுன் எந்தெந்த மாற்றத்துக்கு யாரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.